சீர் வண்டியின் எண்ணெய் ஒழுக்கு

எழுத்து கோணலாக இருக்கும், பிழையும் ஜாஸ்தியாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். ஐந்தாம் வகுப்போடு ஸ்பேனரைப் பிடித்த கை இது. பேனாவைக் கொடுத்தாலும் நட்டை இறுக்குவதுபோல அழுத்துகிறது, தாள் கிழிகிறது.

நேற்றுக் காலை வாசல் தெளிக்கப் போன என் மனைவி கத்தினாள். எவனோ ஒரு பழைய மோட்டார் சைக்கிளை எங்கள் வாசலில் நிறுத்தி எடுத்துப் போயிருக்கிறான். கோலம் போடும் இடத்தில் கறுப்பாக எண்ணெய். தண்ணீர் பட்டதும் அது மயில் கழுத்து நிறத்தில் விரிந்தது. மண்ணெண்ணெய் ஊற்றித் தேய்த்தால் போய்விடும். ஆனால் எனக்கு வந்த கோபம் அந்தக் கறையின் அளவோடு நிற்கவில்லை. வண்டிக்காரன் எதிரில் நின்றிருந்தால் எனக்கு வாயே வந்திருக்காது, அது வேறு விஷயம். கோபம் அவன்மேல்கூட இல்லை. என் மாமாமேல், அதாவது அக்காவின் புருஷன்மேல்.

எழுபதுகளின் கடைசியில் திருவண்ணாமலையில், செங்கம் ரோட்டில் ஒரு தகரக் கொட்டகையில் மெக்கானிக்காக இருந்தேன். கரிந்த எண்ணெயின் வாடை உடம்போடு ஒட்டிக்கொள்ளும். மணலும் சோப்புத் தூளும் போட்டுத் தேய்த்துக் குளித்துவிட்டு உட்கார்ந்தாலும், "உன் பக்கத்துல சோறு வெச்சா சோறும் நாறுது"என்பாள் அம்மா. அந்த வாடை எனக்குப் பிடிக்கும். வெட்கப்படாமல் நான் பழகிய ஒரே ஆள் எஞ்சின்தான்.

அக்காவைக் கீழ்பென்னாத்தூரில் கொடுத்தோம். வேர்க்கடலை வியாபாரம் செய்யும் வீடு. எங்கள் பக்கம் மல்லாட்டை என்போம். கல்யாணச் சீராக மோட்டார் சைக்கிள் கேட்டார்கள். புதிது வாங்க வழியில்லாமல், மிலிட்டரியிலிருந்து ஓய்வு பெற்ற ஒருவரிடம் அப்பா ஒரு பழைய வண்டியை வாங்கினார். எஞ்சினை முழுவதும் பிரித்துக் கழுவி நான்தான் கோத்தேன். கல்யாணத்தன்று மாப்பிள்ளை அக்காவைவிட அந்த வண்டியைத்தான் அதிக நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அப்போது அது எனக்குப் பெருமையாக வேறு இருந்தது.

அந்த வருஷம் ஆயுத பூஜை முடிந்து கொஞ்ச நாள் போயிருக்கும். மாமா வண்டியில் வந்து இறங்கினார். பின்னால் அக்கா, மடியில் துணிப்பை. எஞ்சின் முழுக்க எண்ணெய் வழிந்து, அக்காவின் புடவைக் கரைவரை தெறித்திருந்தது. அப்பா மோர் கொண்டுவரச் சொன்னார். மாமா உட்காரவே இல்லை, என்னைப் பார்த்துச் சொன்னார்.

"மச்சான், ரெண்டுமே உங்க ஊட்டு சரக்கு. ரெண்டுமே சரியில்ல. வண்டிக்கு எண்ணெ நிக்கல, இவளுக்கு வாய் நிக்கல. ரெண்டையும் சரி பண்ணி அனுப்பு. அதுவரைக்கும் இங்கியே கெடக்கட்டும்."

சொல்லிவிட்டு பஸ் ஏறப் போய்விட்டார். தெருவே பார்த்துக்கொண்டிருந்தது. நான் அவர் செருப்பைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். இன்றைக்கும் அவர் முகத்தைவிட அந்தச் செருப்புதான் நன்றாக நினைவிருக்கிறது.

ஒழுக்கில் ஒரு தொல்லை உண்டு. எண்ணெய் சொட்டும் இடம் வேறு, கிளம்பும் இடம் வேறு. ஓடும்போது காற்று அதைப் பின்னால் தள்ளிவிடும். மண்ணெண்ணெயில் எஞ்சினைக் கழுவித் துடைத்து, முகத்துக்குப் போடும் பவுடரை அதன்மேல் தூவினேன். வெள்ளை எங்கே கறுக்கிறதோ அங்கேதான் கசிவு. "பொண்ணுக்குப் பூசற பவுடர வண்டிக்குப் பூசறான் பாரு"என்று அம்மா அழுதுகொண்டே திட்டினாள்.

தலைப்பகுதி மூட்டு கறுத்தது. பிரித்து, மூட்டுக்கு நடுவே வைக்கும் பேக்கிங் தாளைப் புதிதாக வைத்தேன். அடுத்து பக்கவாட்டு மூடி கறுத்தது, அதையும் மாற்றினேன். பிறகு கீழே. ஒன்றை அடைத்தால் இன்னொன்று திறந்துகொண்டது. நான் கோத்த எஞ்சின்தானே, என் கைதான் சரியில்லை என்று நினைத்தேன். ஒரு சந்தை நாளில் மாமா கொட்டகைக்கே வந்தார். குனிந்து பார்த்துவிட்டு எல்லார் காதிலும் விழும்படி, "அஞ்சாங்கிளாஸ் படிச்சவன் கையில குடுத்தா இப்டித்தான். பள்ளிக்கூடத்துலயும் ஒழுவிட்டு வந்தவன்தான இவன்?"என்றார். கொட்டகையில் சிரித்தார்கள். கையிலிருந்த ஸ்பேனரை நான் துடைத்துக்கொண்டே இருந்தேன்.

கார்த்திகை தீபமும் வந்து போனது. குழாயடியில் ஒருத்தி அக்காவிடம், "தீபத்துக்கு வந்த ஜனமெல்லாம் ஊருக்குப் போயிட்டுது, நீ இன்னும் போவலயாடி?"என்றாள். "மலை இன்னும் இங்கதான கீது, அதக் கேளு மொதல்ல"என்று அக்கா குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்தாளாம். ஆனால் வீட்டுக்குள் வந்ததும் பாதித் தண்ணீர் தெறிக்கக் குடத்தை இறக்கினாள்.

மறுநாள் வீட்டு வாசலில் வண்டியை ஓடவிட்டுப் பார்த்தேன். மறுபடி ஒழுகியது. ஆத்திரத்தில் நிறுத்தி, எண்ணெய் ஊற்றும் மூடியைத் திருகினேன். புஸ்ஸென்று காற்று சீறி என் மூஞ்சியெல்லாம் எண்ணெய்.

"ஏண்டா, அதுவும் உன் மூஞ்சில துப்புது?"என்றாள் அக்கா.

அப்போதுதான் உறைத்தது. உள்ளே இருக்கும் காற்றுக்குப் போக வழியில்லை, அதனால்தான் கிடைத்த மூட்டிலெல்லாம் எண்ணெயைத் தள்ளுகிறது. எஞ்சின் மூச்சு விட ஒரு சின்னக் குழாய் உண்டு. பின்பக்கமாக ஒளிந்திருக்கும் அதன் வாயைத் துடைத்துப் பார்த்தேன். கல் மாதிரி ஏதோ அடைத்திருந்தது. நெம்பி எடுத்தேன். காய்ந்த மஞ்சள் உருண்டை, நடுவில் கருகிய சாமந்திக் காம்பு.

அக்கா அதைக் கையில் வாங்கிப் பார்த்தாள். "இது அவரு அம்மா, எங்க அத்த வெச்சது. ஆயுத பூஜைக்குப் பூ செருக எடம் தேடினாங்க. மஞ்சளப் பெசஞ்சி இதுல அப்பி, பூவ நட்டாங்க. ஏதோ ஓட்ட, எதுக்கோ வெச்சிருப்பாங்க, அடைக்காதீங்கனு சொன்னேன். புருஷன் வண்டிக்குப் பூ வெக்கறதக்கூட தடுக்கறா, மூதேவினு ஆரம்பிச்சதுதான். அதுலதான் எனக்கு வாய்னு பேரு."

பூஜைக்குப் பிறகு மாமா வெளியூர் போய்விட, வண்டி வெயிலில் நின்றே அந்த உருண்டை இறுகியிருக்கிறது.

"நான் போய் மாமாகிட்ட சொல்றேன்"என்றேன்.

"நீயா?"என்று சிரித்தாள். வந்த நாளிலிருந்து அன்றுதான் சிரித்தாள்.

சொல்லியனுப்பியதும் மாமாவும் அவர் அம்மாவும் வந்தார்கள். மாமா வண்டியைக் கிளப்பி, அடியில் பேப்பர் விரித்து நெடுநேரம் ஓடவிட்டார். பேப்பர் சுத்தமாக இருந்தது. "இன்னாடா பண்ண?"என்றார். "அது... மஞ்சள்..."என்றேன்.

அக்கா கொட்டாங்குச்சியில் அந்த உருண்டையைக் கொண்டுவந்து மாமியார் முன்னால் வைத்தாள். "அத்த, இது நீங்க வெச்ச பூ. இதுதான் வண்டி மூச்ச அடச்சிது. எந்தம்பி வேலையில கொற இல்ல."

"சாமிக்கு வெச்ச மஞ்சளக் குத்தம் சொல்றாளே, இவ வெளங்குவாளா?"என்றாள் கிழவி.

மாமா கொட்டாங்குச்சியைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "பேச்சு போதும். ஏறு வண்டில."

"வண்டி சரியாயிடுச்சி, எடுத்துக்கினு போங்க. எங்கிட்ட எங்க ஒழுவுதுனு உங்கம்மாவயே ஒரு நாள் வந்து காட்டச் சொல்லுங்க. அப்புறமா வரேன்."

அப்பா கெஞ்சினார், அம்மா அக்காவின் கையைப் பிடித்து இழுத்தாள். அக்கா உள்ளே போய்விட்டாள். கிழவிதான் பின்னால் ஏறி உட்கார்ந்தாள். வண்டி போன வழியில் தெருக்கோடிவரை, வெட்கங்கெட்டு, தரையைப் பார்த்துக்கொண்டே நடந்தேன். ஒரு சொட்டு இல்லை.

அந்தக் கிழவி கடைசிவரை வரவில்லை. அக்காவும் போகவில்லை. மாவு மெஷினில் வேலைக்குச் சேர்ந்தாள், அப்பா அம்மாவை அவள்தான் பார்த்தாள். வருஷங்கள் கழித்து மாமா செத்த சேதி வந்தது. "சரி"என்று மட்டும் சொன்னாள். நான் போகவில்லை. போயிருக்கலாமோ என்று இன்றுவரை தோன்றவுமில்லை.

வண்டி எந்தக் காயலான் கடைக்குப் போனதோ தெரியாது. கொட்டகை இருந்த இடத்தில் வெளிநாட்டுக்காரர்கள் தங்கும் விடுதி. அக்காவும் போன வருஷம் கண்ணை மூடிவிட்டாள். எங்கள் வீட்டில் எல்லார் எதிரிலும் வாய் திறந்து பேசத் தெரிந்த ஒரே ஆள் அவள்தான். இப்போது யார் வந்து என்ன சொன்னாலும் பதில் சொல்ல இங்கே ஆளில்லை.

திருவண்ணாமலை,
ஐப்பசி மாதம், முதல் வெள்ளிக்கிழமை.