கள்ளக்கடலும் மீடியம் வேவும்

இரண்டு ஆரவாரம். ஒன்று முன்னே, ஒன்று பின்னே. பக்கத்து வீடுகளில் ரேடியோவும் டிவியும் ஒரே கிரிக்கெட் ஆட்டத்தைச் சொன்னால் போதும், முட்டத்துக்குப் பக்கத்தில் இருந்த அந்த வீடும் அதன் நெத்திலி வாசனையும் எழுந்து வந்துவிடும்.

இரண்டாயிரத்துப் பத்தோ பதினொன்றோ. கல்லூரியில் இரண்டாம் வருடம் என் பெஞ்சிலிருந்து எழுந்து கடலுக்குப் போனவன் என் நண்பன். நான் இயற்பியலை முடித்துவிட்டு, நாகர்கோவிலில் கோப்புகளோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். ஞாயிறுகளில் அவன் வீட்டு டிவியில் ஆட்டம் பார்ப்போம். மொட்டைமாடியில் டிஷ் ஆன்டெனா. அடுக்களையில் அவன் மனைவி மீடியம் வேவ் ரேடியோவில் கமென்ட்ரியை ஓட விட்டுவிட்டு மீன் ஆய்வாள். எங்கள் டிவியில் பந்து வீச்சாளன் ஓடத் தொடங்கும்போதே உள்ளிருந்து தீர்ப்பு வரும்.

"போச்சு. அவுட்டு."

பிறகுதான் ஸ்டம்ப் விழும். விழுந்ததில் எங்களுக்கு ஒரு சுவாரசியமும் மிச்சம் இருக்காது.

"பாத்தியா மக்கா, மீடியம் வேவுதான் வேகம்" என்றான் ஒரு நாள். "நீளமான அலையில்லா? கள்ளக்கடல் எப்படி வருகு? காத்து இங்க அசையாது, புயல் எங்கயோ கெடக்கும். நீளமான அலதான் மொதல்ல வந்து கரையில ஏறும். குட்டை அல பின்னால நொண்டிக்கிட்டு வரும்."

கடலுக்கு அது சரி. அவன் வயிற்றுப் பிழைப்பே அந்தக் கணக்கில்தான். ஆகாசத்துக்கு அது செல்லாது என்று எப்படிச் சொல்வது?

அவனுக்கு அது வெறும் விளையாட்டுப் பேச்சும் அல்ல. பத்து நாளில் மறுபடியும் வளைகுடாவுக்கு மீன்பிடிக்கப் போகிறான். போன தடவை இன்டர்நெட் காலிங் கார்டில் அங்கிருந்து பேசியதில் குரல் தாமதித்துத் தாமதித்து வந்து, வீட்டில் பெரிய சண்டை.

"கேள்வி கேட்டா யோசிச்சு யோசிச்சுல்லா பதில் வருகு அண்ணே" என்றாள் அவள், அரிவாள்மணையிலிருந்து. "சாப்பிட்டீங்களாங்கிறதுக்கு என்ன யோசன?"

இரண்டு வாரம் அவள் போனையே எடுக்கவில்லை. இந்த முறையும் அப்படி ஆகிவிடக் கூடாதே என்று அவனுக்குப் பயம். கடைக்காரர் ஒருவர் வேறு பிரீக்குவன்சி போன் வாங்கினால் குரல் சட்டென்று போகும் என்று சொல்லியிருந்தார். எது வேகமான அலை என்று என்னிடம் கேட்டு வாங்கலாம் என்று காத்திருந்தான்.

"எல்லாம் ஒண்ணுதான்" என்றேன். "மீடியம் வேவு, எப்.எம்., செல்போன், முட்டம் லைட் ஹவுஸ் வெளிச்சம் எல்லாம் செகண்டுக்கு மூணு லட்சம் கிலோமீட்டர். டிவி செயற்கைக்கோள் வரைக்கும் ஏறி இறங்குது. அதுகூட கால் செகண்டுதான். மிச்சம், படத்தச் சுருட்டிக் கட்டி அனுப்பி இங்க பெட்டி அவிழ்க்கிற நேரம். ஒன் போன்லயும் அதே மூட்டைதான்."

"கடலுக்கு ஒரு சட்டம், ஆகாசத்துக்கு ஒரு சட்டமா? பி.எஸ்சி. படிச்சா என்னமும் சொல்லலாமா லே?"

சாயங்காலச் செய்திக்கு அடுக்களை ரேடியோவையும் என் செல்போன் எப்.எம்.மையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தோம். நெட்டை அலையும் குட்டை அலையும் கைகோத்து வந்தன. செய்தி வாசிக்கிற அம்மாள் இரண்டு பெட்டியிலும் ஒரே குரலில் வணக்கம் சொன்னாள். அவன் முகம் வாடிவிட்டது. வென்ற எனக்கும் ஏனோ சந்தோஷமில்லை. வேகமான அலை ஒன்று இருந்திருக்கலாம்.

அவன் மனைவி கை கழுவிவிட்டு வந்து நின்றாள்.

"போட்டுல வயர்லெஸ்ல எப்படிப் பேசுவீங்க?"

"பேசி முடிச்சு 'ஓவர்'னு சொல்லுவோம். அப்புறந்தான் எதிராளு பேசணும்."

"அப்ப எங்கிட்டயும் சொல்லுங்க. ஓவர் வாற வரைக்கும் நான் வாயத் தொறக்க மாட்டேன்."

"ஒன்னால முடியுமா?"

"அது ஒங்களுக்குத்தான் கஷ்டம். நான் ஓவர் சொன்னப்புறந்தான நீங்க பேசணும்."

பத்தாம் நாள் திருவனந்தபுரம் விமான நிலைய வாசல். பெட்டியைத் தள்ளிக்கொண்டு வரிசையில் நுழையும் முன் அவன் மனைவி பக்கம் திரும்பினான்.

"போயிட்டு வாறேன். ஓவர்."

அவள் உடனே பேசவில்லை. இருவருக்கும் நடுவே நாலு அடிதான். செயற்கைக்கோள் இல்லை, மூட்டை இல்லை. ஆனாலும் தாமதம்.

"நேரத்துக்குச் சாப்பிடணும்" என்றாள். "ஓவர்."