எச்.டி.யில் அப்பாவுக்கு ஒரு மாலை

என் அப்பா டிவியில் நாலைந்து தடவை செத்திருக்கிறார். நடிகர் என்று நினைத்துவிடாதீர்கள். சிங்கப்பூரில் தமிழ் நாடகங்கள் எடுக்கும் ஒரு கம்பெனியில் செட் போடுகிறவர். கதையில் யாராவது செத்துப்போயிருந்தால் சுவரில் மாலை போட்ட படம் வேண்டுமல்லவா? அதற்காக ஊராரிடம் போய் நிற்பானேன் என்று தன் படத்தையே மாட்டிவிடுவார். பழைய கேமராவில் மீசை வைத்த ஒரு மங்கல்தான் தெரியும். பெற்ற மகள் எனக்கே அடையாளம் தெரியாது. இன்று நான் ஒளிப்பதிவாளர். என் கேமராவில் ஈயின் கால்கூடத் தெரியும். அன்று நிலைமை அப்படி.

நான் ஏழு வயதில் தொடக்கநிலை ஒன்றில் படித்தபோது கம்பெனிக்கு எச்.டி. கேமரா வந்தது. அப்பா வீட்டில் அந்தப் புராணமே பாடினார். நடிகையின் முகத்தில் பவுடர் திட்டுத்திட்டாகத் தெரிகிறதாம், சுவரில் பிரஷ் ஓடிய கோடு தெரிகிறதாம். பிளாஸ்டிக் மாலையின் பாச்சா இனிப் பலிக்காது என்று தேக்கா சந்தைக்குப் போய் அசல் சம்பங்கி மாலையே வாங்கினார். எல்லாவற்றையும் மாற்றியவர் படத்தை மாற்ற மறந்துவிட்டார்.

புது நாடகத்தின் முன்னோட்டம் டிவியில் வந்தது. கதாநாயகி செத்துப்போன தன் அப்பாவின் படத்துக்கு முன்னால் நின்று சபதம் போடுகிறாள். படத்தில் என் அப்பா, கன்னத்து மச்சம் வரைக்கும் பளிச்சென்று. அப்புறம் எங்கள் ஆங் மோ கியோ வீட்டுத் தொலைபேசி ஓயவில்லை. லைன் கிடைக்காத அத்தை, பிடோக்கிலிருந்து டாக்சி பிடித்து அழுதுகொண்டே வந்தாள். கதவைத் திறந்தது அப்பாதான், கைலியோடு, கையில் பாதி தின்ற கறிபாப்போடு.

"அண்ணே, நல்லாத்தானே இருக்கீங்க?"

"எனக்கென்ன, நல்லாத்தான் இருக்கேன் லா. கேமரா ரொம்ப நல்லா இருக்கு, அதான் பிரச்சினை."

பள்ளிக்கூடத்தில் தமிழ் ஆசிரியை என் தலையைத் தடவிக்கொடுத்தார். ஆமாம் டீச்சர், அது எங்கப்பாதான் என்று நான் நெஞ்சை நிமிர்த்திச் சொன்னேன். அவர் கண் கலங்கியதைப் பார்த்து எனக்கு இன்னும் பெருமையாகிவிட்டது.

அம்மா மட்டும் சிரிக்கவில்லை. முந்தைய மாதம்தான் அப்பா நெஞ்சு வலி என்று ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டு வந்திருந்தார். வெறும் வாயு என்று எனக்குச் சொல்லியிருந்தார்கள், நானும் நம்பியிருந்தேன். படத்தைக் கழற்றச் சொல்லி அம்மா பிடிவாதம் பிடித்தாள். அப்பாவும் இயக்குநரிடம் கேட்டார். கழற்றலாம், ஆனால் சுவர் காலியாக இருக்க முடியாது, வேறு படம் கொண்டு வா என்றாராம். டிரைவர், லைட் போடுகிறவர், மேக்கப்காரர் என்று அப்பா எல்லாரிடமும் கேட்டுப் பார்த்தார். முன்பெல்லாம் ஒரு தேநீருக்குப் படம் தந்திருக்கக்கூடியவர்கள், முகம் தெளிவாகத் தெரியும் என்றதும் நைசாக நழுவிவிட்டார்கள். நாடகம்தானே, இருந்துவிட்டுப் போகட்டும் என்று அப்பாவும் விட்டுவிட்டார்.

சனிக்கிழமை அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு நேராகப் படப்பிடிப்புக்கே போனாள். அப்பா போட்ட செட்டில், அப்பாவின் மாலை போட்ட படத்துக்குக் கீழே இயக்குநர் உட்கார்ந்திருந்தார். அம்மா அவர் முன்னால் போய் நின்றாள்.

"கதாநாயகிக்கு அப்பா செத்தா என்ன, அம்மா செத்தா என்ன சார்? மாலை போட்டுத்தான் ஆகணும்னா எனக்குப் போடுங்க."

உனக்கென்ன பைத்தியமா என்று அப்பா குறுக்கே வந்தார். அவள் அவர் பக்கம் திரும்பவில்லை. யோசித்துத்தான் சொல்கிறீர்களா என்று இயக்குநர் இரண்டு முறை கேட்டார்.

"பொட்டு மட்டும் நல்லாப் பெருசாத் தெரியணும் சார்," என்றாள்.

அடேயப்பா, அம்மாவுக்கு டிவியில் வர இவ்வளவு ஆசையா என்று நான் அசந்துபோனேன். அவள் கல்யாணப் பட்டுச் சேலையைக் கட்டி, பஃபலோ சாலையில் மல்லிகை வாங்கி வைத்து, தாலியை எடுத்து வெளியே விட்டுக்கொண்டு ஸ்டூடியோவில் சிரித்தபடி படம் எடுத்துக்கொண்டாள். எழுதுகிறவர் வசனத்தை மாற்றினார். அப்பாவின் படம் கழற்றப்பட்டு வீட்டுக்கு வந்தது. அம்மா அதைத் துடைத்து அலமாரியில் வைத்துப் பூட்டினாள்.

முதல் பகுதி ஒளிபரப்பான அன்று அத்தையும் வந்திருந்தாள். அம்மாவின் முகம் திரை முழுக்க வந்தது: பெரிய பொட்டு, மல்லிகை, சுற்றிலும் சம்பங்கி மாலை. நான் கைதட்டினேன். அத்தை அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். அப்பா பாதியிலேயே எழுந்து வெளியே மாடி நடைபாதைக்குப் போய், எதிர் அடுக்குமாடி புளோக்கைப் பார்த்துக்கொண்டு எங்களுக்கு முதுகு காட்டி நின்றார். அவர் தோள் குலுங்கியது.

அம்மா தன்னைவிட அழகாக வந்துவிட்டாள் என்று பொறாமைப்படுகிறார் என்றுதான் நான் நினைத்தேன். எனக்கு மனசு கேட்கவில்லை. ஓடிப்போய் அவர் கைலியைப் பிடித்து இழுத்துச் சமாதானம் சொன்னேன்.

"பரவாயில்லப்பா. அடுத்த நாடகத்துல நீங்க செத்துக்கலாம்."