என்னைப் பாராட்டிய மிஷின்

மழை பெய்த கரிசல் மண்ணில் சைக்கிள் ஓட்டியவன் நான். எங்கள் பக்கத்துக்காரர்களுக்கு இந்த ஒரு வரியே போதும், என் புத்தியின் அளவு தெரிந்துவிடும். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: ஈரக் கரிசலில் சைக்கிள் நம்மைச் சுமக்காது, நாம்தான் அதைத் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டும். எண்பதுகளின் தொடக்கத்தில் ஓர் ஐப்பசி மாதம், இடைசெவல் பக்கம் கல்யாணச் சாப்பாடு முடித்த தெம்பில் ஏறி மிதித்தேன். சக்கரத்தில் மண் அப்பி, பூட்டுப் போட்டதுபோல் சைக்கிள் நின்றது. நான் மட்டும் நிற்கவில்லை.

வலது தோள் முறிந்தது. ஆபரேஷன் முடிந்து கட்டுப் பிரித்தபோது கை மார்புக்கு மேலே போக மறுத்தது. எனக்கோ கோவில்பட்டியில் ஜவுளிக்கடை வேலை. மேல்தட்டுத் துணிக்கட்டை இழுத்துப் போட்டால்தான் சம்பளம். "சித்திரைக்குள்ள கை சரியாச்சின்னா வாரும். இல்லேன்னா வேற ஆள்தான் பாக்கணும்" என்று முதலாளி சொல்லிவிட்டார்.

கல்யாணம் ஆகாதவன், ஒற்றை அறை வாசம். கடையில் என்னைச் சுற்றி எப்போதும் சிரிப்புதான். ஆனால் அறையைத் தேடி ஒருவரும் வந்ததில்லை. அந்த மாதங்களில் சில நாள் என் மொத்தப் பேச்சும் டீக்கடையில் 'ஒரு டீ' என்பதோடு முடிந்துவிடும்.

திருநெல்வேலியில் ஓர் ஆஸ்பத்திரிக்குப் பயிற்சிக்குப் போய்வந்தேன். அங்கே புதிதாக ஒரு மிஷின். பயிற்சி கொடுக்கும் அம்மா கழுத்துக்கும் தோளுக்கும் நடுவே பசை தடவி வயர்களை ஒட்டினார். "சத்தத்தக் கவனிச்சிக்கிட்டே கையத் தூக்குங்க" என்று சொல்லிவிட்டு அடுத்தவரைப் பார்க்கப் போய்விட்டார்.

தூக்கினேன். 'பீப்' என்றது. எனக்கு வந்த சந்தோஷத்தைப் பார்க்க வேண்டுமே! எத்தனையோ நாளுக்குப் பிறகு, நான் செய்த ஒன்றுக்கு ஒரு பதில்! தோளைக் காது வரைக்கும் எக்கி எக்கித் தூக்கினேன். மிஷின் அலறியது. அந்த அம்மா பக்கத்தில் வந்தால் மட்டும் கூச்சத்தில் மெதுவாகத் தூக்குவேன். மிஷின் வாயை மூடிக்கொள்ளும். அவரோ "அருமை" என்பார். பாவம், தோற்றவனுக்கு ஆறுதல் சொல்கிறார் என்று நினைத்துக்கொள்வேன்.

அடுத்த முறையும் அதே கச்சேரி. அவர் ஓடி வந்தார். "என்ன அண்ணாச்சி, இம்புட்டுக் கத்துது, நிறுத்த மாட்டீங்களா?"

"நல்லா செய்யுதேன்லா, அதான் பாராட்டுது."

"பாராட்டா? ஏசுதுங்க! கையத் தூக்கச் சொன்னா தோளத் தூக்குதீங்க. சரியாச் செஞ்சா அது மூச்சே விடாது."

அங்கிருந்த எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். திரும்பும் பஸ்ஸில் சிரிப்பு வரவில்லை. போதாக்குறைக்கு, கிளம்பும்போது அவர் சொன்னது வேறு: "வீட்ல யாரையாவது தோள்மேல கைய வச்சிக்கிடச் சொல்லுங்க. தோள் எழும்புனா அமுக்கணும். மிஷின் வேலைய அந்தக் கை செய்யும்."

யாரை? தோள்மேல் ஒரு தீப்பெட்டியை வைத்துப் பார்த்தேன். கையைத் தூக்கியதும் தோள் எழும்பி, அது விழுந்து குச்சிகள் சிதறின. இடது கையால் ஒவ்வொன்றாகப் பொறுக்கும்போது அழுகை வந்துவிட்டது.

மறுநாள், எங்கள் ஜவுளிக்கடை வாசலில் தையல் மிஷின் போட்டிருந்த பாயிடம் போனேன். பேசவே பேசாத மனிதர். 'பாய் துணியோடு வாயையும் சேர்த்துத் தைத்துவிட்டார்' என்று வருஷக்கணக்காகக் கேலி செய்தவன் நான். அன்றைக்கும் ஏதாவது வேடிக்கையாக ஆரம்பிக்கலாம் என்று பார்த்தேன். ஒன்றும் வரவில்லை. "பாய், சாயங்காலம் கொஞ்சம் ரூமுக்கு வாரீயளா? தோள்ல கை வைக்க ஆளில்ல" என்றேன்.

தினமும் வந்தார். ஊசி குத்திக் காய்த்த விரல்கள். தோள் எழும்பினால் அழுத்துவார். எழும்பாவிட்டால் சும்மா வைத்திருப்பார். ஒரு வார்த்தை கிடையாது. பங்குனியில், சுவரில் உயரே இருந்த காலண்டர் ஆணியைத் தொட்டேன். சித்திரை பிறக்குமுன் மேல்தட்டுத் துணிக்கட்டு என் கையோடு இறங்கியது.

அந்த அறைக்கு அதுவரை யாரும் வராததற்குக் காரணம் ஊரா, நானா என்ற கேள்வி இன்றும் என்னை விட்டுப் போகவில்லை. பயிற்சி முடிந்த நாளில் பாயிடம் கேட்டேன்: "இத்தன கேலி பண்ணியிருக்கேன். எதுக்குப் பாய் தெனமும் வந்தீய?"

அவர் செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னார்:

"கூப்பிட்டீருல்லா."