முதலில் நின்ற இடம்

1. மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் எனக்கு வலி எடுத்தது. டாக்டர் குறித்த தேதிக்கு இன்னும் இரண்டு வாரம் இருந்தது.

2. ஆம்புலன்ஸ் வர நேரமாகும் என்றார்கள். என் கணவர் வேலைக்குப் போயிருந்தார். திருவிடந்தையில் எங்கள் வீட்டு வாசலில் நின்ற ஒரே வண்டி அவருடைய அண்ணனின் ஆம்னி வேன். பின் சீட்டுகளை எடுத்துவிட்டு அதில் அவர் கடைகளுக்குத் தண்ணீர் கேன் போடுகிறார்.

3. கேன்களை ஒரு பக்கமாகத் தள்ளி, பாய் விரித்து என்னைப் படுக்கவைத்தார்கள். அண்ணன் ஓட்ட, மாமியாரும் என்னுடன் ஏறினார்.

4. கோவளத்தில் திரும்பிக் கேளம்பாக்கம் சாலையில் போகும்போது, ஓடும் வண்டியில், என் மகள் பிறந்தாள்.

5. கொஞ்ச தூரத்தில் ஒரு கல்யாண மண்டபத்தின் முன்னால் வண்டி நின்றது. பக்கக் கதவு திறந்தது. மாமியார் முந்தானையை விரித்து என்னை மறைத்துக்கொண்டார். கேன்கள் ஒவ்வொன்றாக இறங்கின. தொப்புள்கொடி இன்னும் அறுக்கப்படவில்லை.

6. அதன் பிறகு ஆஸ்பத்திரிக்குப் போனோம்.

இதில் ஐந்தாவது நடக்கவே இல்லை என்றார் என் கணவரின் அண்ணன்.

அவர் சொன்ன கதையில் வண்டி எங்கேயும் நிற்கவில்லை. ஒரே மூச்சில் ஓட்டி இரண்டு உயிரைக் காப்பாற்றினார். பார்க்க வந்தவர்களுக்கெல்லாம் அதைச் சொன்னார்கள். என் கணவர் எல்லோர் முன்னாலும் அண்ணன் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். நான் பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தேன். அந்த வண்டி இல்லாவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்று எனக்கும் தெரியும். அதனால் பேசாமல் இருந்தேன். பிறப்பைப் பதிய வேண்டி வராமல் இருந்திருந்தால், பேசாமலே இருந்திருப்பேன்.

ஆஸ்பத்திரியில் பதிய மறுத்தார்கள். அவர்கள் கொடுத்த சீட்டில் ‘வழியில் பிறந்து கொண்டுவரப்பட்ட குழந்தை’ என்று இருந்தது. எங்கள் ஊர் கிராம நிர்வாக அலுவலர் சீட்டைப் படித்துவிட்டு விரல் மடக்கி விளக்கினார்.

“ஆஸ்பத்திரில பொறந்தா அவங்க பொறுப்பு. வூட்ல பொறந்தா குடும்பத் தலைவர் பொறுப்பு. ஓடுற வண்டில பொறந்தா, வண்டி யார் கையில இருந்துதோ அவர்தான்மா தகவல் குடுக்கணும். வண்டி மொதல்ல நின்ன எடத்துல பதியணும். உங்க வண்டி எங்க நின்னுது?”

மண்டபத்தைச் சொன்னேன். அது தன் எல்லை இல்லை, அந்த ஊர் அலுவலகத்துக்குப் போகவேண்டும், இருபத்தொரு நாளுக்குள் கொடுத்துவிட்டால் தாமத மனு, அனுமதி என்று அலையவேண்டாம் என்றார்.

அன்று மாலையே மாடியிலிருந்து இறங்கி, கீழ் வீட்டில் கணவரின் அண்ணனிடம் கேட்டேன்.

“மாமா, வண்டி மொதல்ல மண்டபத்துல நின்னுச்சு. நீங்கதான் கையெழுத்துப் போடணும்.”

“எந்த மண்டபம்?”

“கேன் எறக்கினீங்களே.”

“நீ வலியில மயங்கிக் கெடந்த. சிக்னல்ல ஸ்லோ பண்ணதெல்லாம் நின்ன கணக்கா?”

“சிக்னல்ல யாரும் கதவத் தொறந்து கேன் எறக்க மாட்டாங்க.”

மாமியார் என்னைப் பார்க்காமல் பேசினார். “நல்லபடியா பெத்துகினு வந்துட்ட. அது எங்க நின்னா உனக்கு இன்னா? வூட்லயே பொறந்துச்சுன்னு எழுதிக் குடு. உங்க மாமனார் தலைவர்னு கையெழுத்துப் போட்ருவாரு. பேஜாரு முடிஞ்சுது.”

என் கணவர், “அண்ணன்தான் நிக்கலன்றாரே, நீ ஏன் அதையே புடிச்சுகினு தொங்கற?” என்றார்.

நான் மென்பொருள் சோதிக்கும் வேலை செய்கிறேன். ஒரே விஷயத்துக்கு இரண்டு பதிவுகள் இரண்டு விதமாக இருந்தால் என்றைக்காவது ஒருநாள் அது வெளியே வரும். ஆஸ்பத்திரிச் சீட்டு ஒன்று சொல்ல, சான்றிதழ் வேறொன்று சொன்னால், பள்ளியிலோ பாஸ்போர்ட்டிலோ பதில் சொல்லி அலையப்போவது என் மகள். கணவரின் அண்ணனுடைய பெருமைக்காக அவள் வாழ்க்கையின் முதல் காகிதத்தில் பொய் எழுத நான் தயாராக இல்லை. இதையும் அங்கேயே சொன்னேன். அதன் பிறகு சாப்பிடக்கூட யாரும் என்னைக் கூப்பிடவில்லை.

பத்தொன்பதாம் நாள் காலை கணவரின் அண்ணன் கேன் ஏற்றிக்கொண்டிருந்தபோது படிவத்தை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனேன்.

“இதுல எங்க நின்னுதுன்னுதான் கேக்கறாங்க. ஏன்னு கேக்கல.”

ஈரக் கையை லுங்கியில் துடைத்துக்கொண்டு ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படித்தார்.

“உன் வூட்டுக்காரன் பார்ப்பான் இல்ல?”

“பார்ப்பாரு.”

“கேட்டா?”

“கேட்டா சொல்லுவேன்.”

“அப்ப நான் போடமாட்டேன்.”

“சரி. வண்டி ஓட்டினவர் தகவல் தர மறுத்துட்டாருன்னு நானே எழுதிக் குடுக்கிறேன். வண்டி நம்பரும் சேர்த்து.”

அவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு ஒரு கேனின் மேல் காகிதத்தை வைத்துக் கையெழுத்துப் போட்டார். “இவ்ளோ படிச்ச பொண்ணு வாணாம்னு அன்னிக்கே சொன்னேன். எவன் கேட்டான்?” என்றபடி பேனாவைத் தரையில் போட்டார். குனிய முடியாத உடம்பு எனக்கு. பேனாவை விட்டுவிட்டு வந்தேன். மறுநாள் என் அம்மாவுடன் ஆட்டோவில் மண்டபத்து ஊர் அலுவலகத்துக்குப் போய்ப் படிவத்தைக் கொடுத்தேன்.

சான்றிதழ் வந்ததும் என் கணவர் படித்தார். பிறந்த இடத்தில் ஏன் அந்த ஊர் இருக்கிறது என்று கேட்டார். சொன்னேன், முந்தானை மறைப்பு உட்பட. அவர் கீழே போனார். மாடிப்படி வரை அண்ணனின் குரல் கேட்டது.

“பந்தி நேரம்டா. தண்ணி இல்லாம நிக்கறாங்க. போன் மேல போன். அஞ்சு நிமிஷம்டா.”

என் கணவர் என்ன சொன்னார் என்று எனக்குக் கேட்கவில்லை.

இப்போதைய நிலை இது. பதிவு முடிந்துவிட்டது. சான்றிதழில் பெயர்க் கட்டம் காலியாக இருக்கிறது, ஒரு வருடத்துக்குள் சேர்க்கலாம். அண்ணனும் தம்பியும் பேசிக்கொள்வதில்லை. மாமியார் பிள்ளையைத் தூக்க மாடிக்கு வருகிறார், என்னிடம் ஒரு வார்த்தை கிடையாது. ஊரப்பாக்கத்தில் ஒரு வீடு பார்த்திருக்கிறோம். அடுத்த மாதம் போகிறோம்.