தோற்கப் படித்தவர்

நல்ல சீட்டு வந்துவிட்டால் தல்சுக்பாய்க்கு இருமல் வரும். ஜோடி வந்தால் ஓர் இருமல். மூன்றும் ஒரே ஜாதியாக வந்தால் இரண்டு. அதற்கும் மேலே ஏதாவது வந்துவிட்டதோ, கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்து மாட்டிக்கொண்டு, "வெளியில மழை நின்னுடுச்சா?" என்று கேட்பார். அவ்வளவுதான். சுற்றி உட்கார்ந்திருக்கும் பெண்கள் நாங்கள் ஐந்து பேரும் சீட்டைக் கவிழ்த்து ஆட்டத்தை விட்டு ஒதுங்கிவிடுவோம். அகத்தின் அழகு முகத்தில் தெரியும் என்று இவரைப் பார்த்துத்தான் யாரோ சொல்லியிருக்க வேண்டும்.

ராஜ்கோட்டில் எங்கள் மேல்வீட்டுக்காரர் அவர். வயது அறுபத்தொன்று. கடைத்தெருவில் பொத்தான் கடை வைத்திருக்கிறார்; ஜிப், லேஸ், ஊக்கு, கொக்கி எல்லாம் உண்டு என்றாலும் அவருக்குப் பொத்தான்தான் உயிர். கண்ணை மூடிக்கொண்டு ஒரு பொத்தானை விரலால் உருட்டினால், "நாலு துளை, பதினெட்டாம் நம்பர், சூரத் சரக்கு" என்பார். தேநீரைச் சாஸரில் ஊற்றி ஊதி ஊதிக் குடிப்பார். ஒரு பொத்தான் கேட்டு வருகிறவர்களிடம் காசு வாங்கமாட்டார், "ஒண்ணு விழுந்தவன்கிட்ட என்ன வியாபாரம்?" என்பார். ஆனால் அவர் வீட்டில் மூன்று தலைமுறையாக யாரும் சீட்டைத் தொட்டதில்லை. சிராவண மாதத்தில் சீட்டைத் தொடாத மனிதர் எங்கள் பக்கத்தில் அபூர்வம். குழந்தைகள்கூட நெல்லிக்காய் வைத்து ஆடும்.

இந்த வருஷம் முதல் மழை பெய்த அன்று மாடியிலிருந்து இறங்கி வந்து என் வாசலில் நின்றார்.

"பென், எனக்கு மூணு சீட்டு ஆடச் சொல்லிக்குடுங்க." எங்கள் பக்கத்தில் அக்கா தங்கை எல்லாருமே பென்தான். "ஜெயிக்க வேண்டாம். தோக்கச் சொல்லிக்குடுங்க."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "தோக்கறதுக்கு எதுக்கு வாத்தியார்? உட்கார்ந்தாத் தன்னால தோக்கப்போறீங்க."

"அப்படி இல்ல பென். மரியாதையாத் தோக்கணும்."

விஷயம் அவர் மகள் கிஞ்சல். அவளுக்குப் பன்னிரண்டு வயதில் அம்மா போய்விட்டாள். பின்னல் போடுவது எப்படி என்று இந்த மனிதர் என்னிடம் வந்து ரிப்பனோடு நின்றதை நான் மறக்கவில்லை. அப்படி வளர்த்த பெண்ணைக் கோண்டலில் கட்டிக்கொடுத்து இரண்டு வருஷமாகிறது. சம்பந்தம் பேசி முடித்தவளே நான்தான். நாற்பது கிலோமீட்டர்தான், பஸ் ஏறினால் ஒரு மணி நேரம். ஆனால் தல்சுக்பாய் பழைய காலத்து ஆள். பெண்ணைக் கொடுத்த வீட்டில் அப்பன் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கக் கூடாது என்பது அவர் அப்பாவும் தாத்தாவும் காத்த வழக்கம். இப்போது யார் அதையெல்லாம் பார்க்கிறார்கள்? இவர் பார்க்கிறார். கையில் தண்ணீர் பாட்டிலோடு போவார், தபால்காரர் மாதிரி நிற்பார், அரைமணியில் பஸ் ஏறிவிடுவார். சாப்பிடாதவருக்கும் குடிக்காதவருக்கும் ஒரு வீட்டில் என்ன வேலை?

"அஞ்சு தடவை போயிருக்கேன் பென்," என்றார் ஒருநாள். "கூட்டிப் பார்த்தா மூணு மணி நேரம் வராது."

அவர் கண்டுபிடித்த வழிதான் சீட்டு. சிராவண சப்தமியன்று எங்கள் வீடுகளில் அடுப்பு எரியாது. முந்தின நாள் சுட்ட தேப்ளா ரொட்டியையும் தயிரையும் வைத்துக்கொண்டு, மத்தியானம் தொடங்கி வீடே சீட்டுக்கு முன்னால் உட்கார்ந்துவிடும். அன்றைக்கு ஒரு மனிதர் நாள் முழுக்க உட்கார்ந்திருந்தாலும் ஏன் என்று யாரும் கேட்கமாட்டார்கள். போன வருஷம் சம்பந்தி நாரன்பாய் இவரையும் கையைப் பிடித்து உட்காரவைத்தார். இவருக்கு ஒன்றும் தெரியாது. ஜெயித்துவிடக் கூடாது என்பது மட்டும் தெரியும். தண்ணீரே ஆகாது என்றால் அந்த வீட்டுக் காசு ஆகுமா? அதனால் வந்த சீட்டையெல்லாம் கவிழ்த்துக்கொண்டே இருந்தார். பத்தாவது ஆட்டத்தில் நாரன்பாய் சீட்டைக் கீழே வைத்துவிட்டு, "என்ன சம்பந்தி, எங்களுக்குப் பிச்சை போடறீங்களா?" என்று கேட்டுவிட்டார். கிஞ்சல் எழுந்து உள்ளே போய் அழுதாளாம்.

எனவே பாடம் தொடங்கியது. எது பெரியது, எது சின்னது என்பதை ஒரே நாளில் பிடித்துக்கொண்டார். மூன்றும் ஒரே எண் வந்தால் அதை அடிக்க ஆளில்லை. அடுத்தது ஒரே ஜாதியில் வரிசை, அடுத்தது வெறும் வரிசை, பிறகு ஒரே ஜாதி, பிறகு ஜோடி. காசுக்குப் பதில் கடையிலிருந்து பொத்தான் கொண்டுவருவார். சட்டைப் பொத்தான் ஒரு ரூபாய், கோட்டுப் பொத்தான் பத்து. கடையில் ஆள் இல்லாத நேரத்தில் தனக்குத் தானே சீட்டுப் போட்டுப் பார்ப்பாராம். "நூறு தடவை போட்டா பதினேழு தடவை ஜோடி வருது பென். வரிசை மூணு தடவை. மூணும் ஒண்ணா இன்னும் வரவே இல்ல." நான் முப்பது வருஷமாக ஆடுகிறேன். எனக்கு இது தெரியாது.

எல்லாம் சரி, அந்த இருமலை என்ன செய்வது? நல்ல சீட்டு வந்தால் இருமுகிறார், எல்லாரும் கவிழ்க்கிறார்கள், மனிதர் ஜெயித்துத் தொலைக்கிறார். "தல்சுக்பாய், நாளையிலிருந்து மூஞ்சிய வீட்ல வச்சுட்டு வாங்க," என்றாள் எங்கள் கூட்டத்தில் ஒருத்தி. அப்போதுதான் எனக்கு அந்த யோசனை தோன்றியது.

"பார்க்காம ஆடுங்க," என்றேன்.

பார்க்காமல் ஆடுவது எங்கள் ஆட்டத்தில் ஒரு தனி முறை. சீட்டு கவிழ்ந்தபடியே கிடக்கும். பார்க்காதவர் ஒரு ரூபாய் போட்டால் பார்த்தவர் இரண்டு போட வேண்டும். இருவர் மட்டும் மிஞ்சினால், பார்த்தவர் ஷோ கேட்க, அதாவது சீட்டை விரித்துக் காட்டச் சொல்ல, முடியாது. பார்க்காதவர்தான் கேட்க வேண்டும். தல்சுக்பாய் தாடையைத் தடவிக்கொண்டு யோசித்தார்.

"ஒருத்தர் சீட்டைப் பார்த்துட்டு, ரெண்டு மடங்கு போட்டு, எனக்கு எதிரா நிக்கறாருன்னா அவர்கிட்ட ஜோடியாவது இருக்கும். எனக்கு ஜோடி வர்றதே ஆறு தடவைக்கு ஒரு தடவைதான். கடைசி வரைக்கும் ஆம்பளை மாதிரி நின்னு ஷோ கேட்டா, தோப்பேன்."

"மரியாதையாத் தோப்பீங்க," என்றேன்.

அதற்குப் பிறகு நாங்கள் பார்த்தது ஒரு விசித்திரமான ஆட்டக்காரரை. தோற்றுவிட்டு, பல் தெரியச் சிரித்துக்கொண்டு மாடியேறுவார். "இன்னிக்கும் போச்சு பென். பத்துக்கு ஒன்பது." பரீட்சையில் முதல் மார்க் வாங்கின பிள்ளைக்குக்கூட அவ்வளவு சந்தோஷம் இருக்காது. எனக்குத்தான் மனசு ஆறாது. ஒரு மனிதர் தன் பெண்ணைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க இவ்வளவு பாடு பட வேண்டுமா?

சப்தமியன்று கோண்டலுக்கு நானும் போனேன். தல்சுக்பாய் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில், இருநூறு ரூபாயை ஒரு ரூபாய் நாணயங்களாக மாற்றிப் பையில் கட்டிக்கொண்டு வந்தார். இரண்டு மணி நேரம் அழகாகத் தோற்றார். நாரன்பாய்க்குத் தலைகால் புரியவில்லை. "சம்பந்திக்குத் துணிச்சல் வந்துடுச்சு, பாருங்க," என்று தொடையில் தட்டிச் சிரித்தார். கிஞ்சல் அப்பாவுக்குப் பக்கத்திலேயே, முழங்கால் இடிக்கிற மாதிரி உட்கார்ந்திருந்தாள். தோற்கத் தோற்க அவள் முகம் மலர்ந்தது. தோற்கிறவரை அப்பா எழுந்து போகமாட்டார் என்ற கணக்கு அவளுக்கும் தெரிந்திருக்கிறது.

பிறகு அந்த ஆட்டம் வந்தது. எல்லாரும் கவிழ்த்துவிட்டு நாரன்பாயும் இவரும் மட்டும் நின்றார்கள். நாரன்பாய் பார்த்தவர். இவர் ஒன்று போட, அவர் இரண்டு. இவர் ஐந்து போட, அவர் பத்து. நடுவில் காசு குவிந்தது. சரியான சமயம் பார்த்து தல்சுக்பாய், "ஷோ," என்றார்.

நாரன்பாய் இரண்டு ராஜாவை விரித்தார். தல்சுக்பாய் நிம்மதியாக மூச்சுவிட்டு, தன் சீட்டுகளை ஒவ்வொன்றாகத் திருப்பினார். கிளாவர் நாலு. டைமன் ஆறு. இதில் ஒன்றுமில்லை என்று நானும் நினைத்தேன். மூன்றாவது, இஸ்பேட் அஞ்சு.

நாலு, அஞ்சு, ஆறு. வரிசை.

தல்சுக்பாய் காசைத் தொடவில்லை. கைகளை முழங்காலுக்கு அடியில் ஒளித்துக்கொண்டார். "கலைச்சதுல ஏதோ தப்பு நடந்திருக்கு, சம்பந்தி. திரும்பப் போடுவோம்," என்றார். பொய் சொல்லத் தெரியாதவர் சொல்லும் பொய்யைக் கேட்கவே பாவமாக இருக்கும்.

"நானேதான் கலைச்சேன்," என்றார் நாரன்பாய். சிரிப்பெல்லாம் போய்விட்டது. "போன வருஷம் பிச்சை போட்டீங்க. இந்த வருஷம் ஜெயிச்சுட்டுத் திருப்பித் தர்றீங்க. என் வீட்ல உட்கார்ந்து என்னை என்னன்னு நெனச்சீங்க?"

கிஞ்சலின் முகம் வெளுத்துவிட்டது. தல்சுக்பாய் அவளைப் பார்த்தார். பிறகு சம்பந்தியைப் பார்த்து மெல்லச் சொன்னார்:

"பொண்ணு வீட்டுக் காசை நான் எப்படி எடுப்பேன்? தோக்கறதுக்குன்னே ரெண்டு மாசம் ஆட்டம் படிச்சேன். நான் சூதாட வரல சம்பந்தி. இவ பக்கத்துல ஒரு நாள் பூரா உட்கார எனக்கு வேற வழி தெரியல."

நாரன்பாய் விரித்த சீட்டுகளை மெல்லச் சேர்த்து அடுக்கினார். கோபக்காரர்தான், ஆனால் ஈரமில்லாதவர் அல்ல. அவர் மனைவி சவிதாபென்தான் முன்னால் நகர்ந்து உட்கார்ந்து, குவிந்த காசை இரு கையாலும் அள்ளித் தல்சுக்பாயின் மடியில் கொட்டினாள்.

"ஜெயிச்சது ஜெயிச்சதுதான். ஆட்டத்துல சம்பந்தியும் கிடையாது, சாமியும் கிடையாது," என்றாள். "எங்க வீட்டுக் காசு உங்க மடியில விழுந்தாச்சு. உங்க நோன்பு முறிஞ்சுபோச்சு. இனிமே ஒரு டம்ளர் தண்ணியில என்ன புதுசாக் கெடப்போகுது?"

"அதான்," என்று நாரன்பாயும் பிடித்துக்கொண்டார். "காசைத் திருப்பிக் குடுக்கறதா இருந்தா எழுந்து போங்க. வச்சுக்கறதா இருந்தா தண்ணியக் குடிச்சுட்டு அடுத்த சீட்டைப் போடுங்க."

கிஞ்சல் எப்போது எழுந்து போனாள் என்று நான் பார்க்கவில்லை. பானைத் தண்ணீர் நிறைந்த பித்தளை டம்ளரோடு அப்பா முன்னால் நின்றாள். "பப்பா," என்றாள். டம்ளரை இரு கையாலும் நீட்டினாள்.

மூன்று தலைமுறை வழக்கம். இந்தப் பிடிவாதக்காரர் எழுந்து செருப்பைத் தேடப்போகிறார் என்றுதான் நான் பயந்தேன். மனசுக்குள் அவரைத் திட்டவும் தொடங்கிவிட்டேன்.

தல்சுக்பாய் மடியில் இருந்த காசு கொட்டாமல் இரண்டு கையாலும் டம்ளரை வாங்கினார். எங்கேயும் தண்ணீரை அண்ணாந்து குடிக்கிறவர், அன்றைக்கு வாய் வைத்துக் குடித்தார். நிறுத்தாமல், கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்தார். குடித்துவிட்டு, "இன்னொரு டம்ளர்," என்று வெறும் டம்ளரை மகளிடம் நீட்டினார்.