நல்லகாமன் வைத்த இரண்டாவது பேனர்

அலங்காநல்லூர்ப் பக்கம் தண்ணீருக்கு ஆழ்துளைப் போர் போட வேண்டுமென்றால் முதலில் நல்லகாமனைத்தான் தேடிப் போவார்கள். சொந்தமாக ஒரு போர் வண்டி வைத்திருக்கிறார். வண்டி பழசு, அது போடும் சத்தத்தில் பக்கத்துத் தெருக் கைக்குழந்தைகள் எல்லாம் வீறிட்டு எழும். ஆனால் மனிதருக்கு வாய் சுத்தம். உள்ளங்கையில் தேங்காயை வைத்து நீரோட்டம் பார்ப்பவர்கள் நடுத்தோட்டத்தில் நின்று, கீழே கடலே இருக்கிறது என்று சத்தியம் செய்வார்கள். நல்லகாமன் மட்டும் குழியிலிருந்து ஈரமண் மேலே வந்து, அதைக் கையில் எடுத்து உருட்டிப் பார்க்கும்வரை வாயைத் திறக்கமாட்டார். வெறும் புழுதியாகவே வந்தால் அதையும் தோட்டக்காரரிடம் அவரே போய்ச் சொல்வார். ஏசினாலும் நின்று கேட்டுக்கொள்வார். அவர் இல்லை என்று சொன்ன இடத்தில் இன்னொரு வண்டியைக் கூட்டிவந்து யாரும் துளை போட்டதில்லை.

அப்பேர்ப்பட்டவர் வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை ஈரம் பார்க்காமல் வாயைத் திறந்தார். திறந்ததும் சாதாரணமாகத் திறக்கவில்லை, அலங்காநல்லூர் பஸ் ஸ்டாண்ட் எதிரே பேனராகவே வைத்துவிட்டார்.

எல்லாம் அக்கா ராமக்காளின் மகள் தமிழ்வாணியால் வந்தது. அக்கா வீட்டுக்காரர் சீக்கிரமே போய்ச் சேர்ந்துவிட்டதால், காது குத்தியதிலிருந்து பசுமலைக் கல்லூரியில் கொண்டுபோய்ச் சேர்த்ததுவரை அந்தப் பிள்ளைக்கு எல்லாமே தாய்மாமன்தான். இப்போது அவள் அமெரிக்காவில் இருக்கிறாள். வியாழன் கோளைச் சுற்றும் யூரோப்பா என்ற நிலவுக்கு ஒரு விண்கலம் போய்க்கொண்டிருக்கிறது. 2024-இல் கிளம்பியது, 2030-இல்தான் போய்ச் சேரும். அந்த நிலவின் பனிக்கட்டிக்கு அடியில் என்ன இருக்கிறது என்று பார்க்க அதில் ஒரு ரேடார் உண்டு. அந்த ரேடார் அனுப்பப்போவதைப் படித்துச் சொல்லும் குழுவில் தமிழ்வாணி ஒருத்தி. இதைக் கேட்டதிலிருந்து நல்லகாமனுக்குத் தலைகால் புரியவில்லை. டீக்கடையில் பால் விலை பற்றிப் பேச்சு வந்தாலும் அதை எப்படியாவது வியாழனுக்குக் கொண்டுபோய்விடுவார்.

ஒருநாள் போனில் அவள், மேலே பூராவும் பனி, அடியில் பெரிய கடல் இருக்கும் என்று நினைக்கிறோம் மாமா என்றாள். "நினைக்கிறோம்" என்ற வார்த்தை அவர் காதில் ஏறவே இல்லை. தண்ணீர் ஊறிய இடத்தில் மறுவாரமே புல் தலைகாட்டுவதையும், எங்கிருந்தோ ஒரு தவளை வந்து உட்காருவதையும் ஆயுசு முழுக்கப் பார்த்தவர். கடலே இருக்கும்போது உயிர் இல்லாமல் எங்கே போகும் என்று அவரே முடிவுகட்டிவிட்டார்.

பொங்கலுக்கு அவள் ஊருக்கு வருகிறாள், பசுமலைக் கல்லூரியில் பேசவும் போகிறாள் என்று தெரிந்ததும், மதுரையில் பேனர் அடிக்கும் பரீத்திடம் ஓடினார். வாசகத்தைப் படித்துவிட்டு, இது உறுதியான சேதிதானா என்று பரீத் தயங்கினான்.

"எம் மருமக சொல்லிட்டா மாப்ள" என்றார் நல்லகாமன்.

ஜல்லிக்கட்டுக் காளைகளின் பேனர்களுக்கு நடுவே அதுவும் நின்றது. "நிலாவுக்கு அப்பால் உயிரைக் கண்டுபிடித்த எங்கள் குலவிளக்கே, வருக வருக!" என்று கொட்டை எழுத்து. ஒரு பக்கம் தமிழ்வாணி, மறுபக்கம் கூலிங்கிளாஸ் போட்ட தாய்மாமன், பின்னால் போர் வண்டி. காளைகளைப் படம்பிடிக்க வந்திருந்த டிவிக்காரர்கள் இதை விடுவார்களா? சாயங்காலத்துக்குள் ஊர் உலகமெல்லாம் பரவிவிட்டது. உயிரைக் கண்டுபிடித்ததாக நீயா சொன்னாய் என்று குழுத் தலைவர் அமெரிக்காவிலிருந்து தமிழ்வாணியைக் கேட்டார். விண்கலம் பாதி வழியில் இருக்கும்போதே கதை கட்டுகிறவள் என்று பெயர் வாங்கிவிட்டால், நாளைக்கு அவள் படித்துச் சொல்வதை யார் நம்புவார்கள்? இத்தனை வருஷப் படிப்பும் உழைப்பும் அந்த நம்பிக்கையில்தான் நின்றது.

அவள் மாமா வீட்டுக்கு வந்தாள். சண்டை போடவில்லை.

"ஈரம் பாக்காம தண்ணி இருக்குன்னு சொன்ன ஆளாயிட்டேன் மாமா" என்றாள்.

ஒரு அறை விட்டிருந்தால்கூட அவருக்கு அப்படி வலித்திருக்காது. வெட்கமாக இருந்தது. சட்டையை மாட்டிக்கொண்டு நேரே பரீத்திடம் போனார். பரீத் சுலபமாக ஒரு வழி சொன்னான். முன்னால் "வருங்கால" என்று ஒரு வார்த்தையை ஒட்டிவிட்டால் போதும். வருங்கால சேர்மன், வருங்கால எம்.எல்.ஏ. என்று நம் ஊரில் எல்லாருக்கும் அதுதானே வைத்தியம் என்றான். நல்லகாமன் அது வேண்டாம் என்று தலையை ஆட்டிவிட்டார். அதே அளவில், அதே இடத்தில் வேறு பேனர் வேண்டும் என்றார். ஜல்லிக்கட்டுக் கூட்டத்துக்கு முன்னால் மானத்தைக் கெடுத்துக்கொள்ளப் போகிறீர்களா என்று மனைவி பாண்டீஸ்வரி தடுத்துப் பார்த்தாள். அவர் கேட்கவில்லை.

மறுநாள் காலை, பழையதை அவரே ஏறி அவிழ்த்தார். புதியதில் கூலிங்கிளாஸ் இல்லை, போர் வண்டி இல்லை. கைகூப்பி நிற்கும் நல்லகாமன் மட்டும். "யூரோப்பாவில் உயிர் இருக்கிறதா என்று இன்னும் யாருக்கும் தெரியாது. இருப்பதாக என் மருமகள் சொல்லவே இல்லை. அவசரப்பட்டது நான். விண்கலம் போய்க்கொண்டிருக்கிறது. பார்த்த பிறகு அவர் சொல்வார்."

வாழ்த்தும் வீரமுமாகவே பேனர் பார்த்துப் பழகிய ஊர் முதலில் சிரித்தது. பிறகு நின்று படித்தது. காளையைப் பிடித்துக்கொண்டு போனவர்கள்கூட, யூரோப்பா எந்தப் பக்கம் இருக்கிறது என்று விசாரித்தார்கள். தமிழ்வாணி அதைப் படமெடுத்து, அர்த்தத்தையும் எழுதித் தலைவருக்கு அனுப்பினாள். அவர் அத்தோடு விஷயத்தை விட்டுவிட்டார். பசுமலைக் கூட்டத்தில் தன் ரேடாரைப் பற்றிப் பேசும் முன் அவள் திரையில் காட்டிய முதல் படமும் அந்தப் பேனர்தான். கைதட்டல் ஓய நேரமானது. கடைசி வரிசையில் நல்லகாமன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

திரும்பும் வழியில் பரீத் கடையில் வண்டியை நிறுத்தினார். 2030-க்கு அந்த பஸ் ஸ்டாண்ட் இடத்தை வேறு யாருக்கும் பேசிவிடாதே என்றார். பரீத் சிரித்துக்கொண்டே, அங்கே ஒன்றுமே இல்லை என்று வந்துவிட்டால் என்ன செய்வீர்கள் அண்ணே என்று கேட்டான்.

"அப்பவும் பேனர் உண்டு மாப்ள. அம்புட்டுத் தூரம் தேடிப் போயி, ஒண்ணுமில்லேன்னு சொல்ல எம்புட்டு நெஞ்சுரம் வேணும்? எம் மருமக சொல்லுவா."