சனிக்கிழமை எண்ணெய்

என் வீட்டுக்காரருக்கு ஒரு நாள்கூட சும்மா இருக்கத் தெரியாது. பெருமையாகச் சொல்கிறேன் என்று நினைத்துவிட வேண்டாம். கல்யாணமாகி ரெட்டியபட்டியிலிருந்து அருப்புக்கோட்டைக்கு வந்த முதல் மூன்று வருஷம் இதுதான் எனக்குத் தீராத தலைவலி. அறுபதுகள் முடிகிற சமயம். பிள்ளைகள் பிறந்திருக்கவில்லை. அந்த இடத்தையும் சேர்த்து அவருடைய தேகப்பயிற்சியே அடைத்துக்கொண்டிருந்தது.

பருத்தி அரைக்கிற ஜின்னிங் பாக்டரி ஆபீசில் அவருக்குக் குமாஸ்தா வேலை. பேனா பிடிக்கிற வேலைக்கு அவ்வளவு பெரிய புஜம் எதற்கு என்று பாக்டரியில் கேட்காத ஆள் இல்லை. விடியற்காலை நாலரைக்கு லங்கோடு கட்டிக்கொண்டு நிற்பார். இருநூறு தண்டால், உட்கார்ந்து எழுகிற பஸ்கி முந்நூறு, அப்புறம் கர்லாக்கட்டை. வீடு என்பது ஒரே அறையும் ஒரு அடுப்படியும்தான். கட்டை சுற்றும்போது நான் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டு அடுப்படிக்குப் போகவேண்டும். அது முடிந்ததும் பந்தல்குடி ரோட்டில் இரண்டாவது மைல்கல் வரைக்கும் ஓடித் திரும்புவார்.

அந்தக் காலத்தில் எங்கள் பக்கத்தில் காரணம் இல்லாமல் யாரும் ஓடமாட்டார்கள். ஒரு நாள் தூத்துக்குடிப் பக்கமிருந்து வந்த முதல் பஸ் அவர் பக்கத்தில் நின்றுவிட்டது. கண்டக்டர் கதவைத் திறந்து, "ஏறுங்கண்ணே, பஸ்ஸுக்குத்தானே ஓடி வாரீக?" என்றாராம்.

"இல்லப்பா, நான் சும்மா ஓடுறேன்."

"சும்மா எதுக்கு ஓடுறீக?"

பஸ்ஸில் இருந்தவர்கள் எல்லாம் எட்டி எட்டிப் பார்த்தார்களாம். வீட்டுக்கு வந்து அதைச் சொல்லிச் சொல்லிக் கோபப்பட்டார். நான் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டேன்.

காரணம் இல்லாமலும் இல்லை. பட்டாளத்துக்கு ஆள் எடுத்தபோது இவரும் போய் வரிசையில் நின்றிருக்கிறார். நெஞ்சளவு அரை அங்குலம் குறைவு என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அந்த அரை அங்குலத்தைத்தான் அன்றிலிருந்து தேடிக்கொண்டிருந்தார். தையல்காரர் டேப் ஒன்று ஆணியில் தொங்கும். வாரம் ஒருமுறை அதை நெஞ்சில் சுற்றிப் பார்ப்பார். ஒரு நாள் பயிற்சியை விட்டால் நெஞ்சு சுருங்கி மறுபடி பழைய அளவுக்கே போய்விடும் என்று உண்மையாகவே பயந்தார். காய்ச்சலில் படுத்திருந்தபோதுகூட, எழுந்து சுவரைப் பிடித்துக்கொண்டு பத்து பஸ்கி எடுத்தார். எங்கள் கல்யாணத்தன்று காலையில் மண்டபத்துக் கொல்லைப்பக்கம் தண்டால் எடுத்துவிட்டுத்தான் மணவறைக்கு வந்தார் என்பது எனக்குப் பிறகு தெரியவந்தது. மாப்பிள்ளைக்கு ஏன் இப்படி மூச்சு வாங்குகிறது, நெஞ்சு நோயோ என்று அன்றைக்கு என் சித்தி பயந்துபோனாள்.

அவர் நாலரைக்கு எழுந்தால் நான் நாலு மணிக்கே எழவேண்டும். ஆறு வீடு சேர்ந்த வளவு அது. நடுவில் ஒரே கிணறு. கோடை வந்தால் ராத்திரி ஊறுகிற தண்ணீர்தான். நாலு மணிக்குப் போனால் தெளிவாகக் கிடைக்கும். ஆறு வீட்டு வாளியும் இறங்கி ஏறிய பிறகு கலங்கல்தான் வரும். வேர்த்து ஊற்றிக்கொண்டு வருகிற மனுஷனுக்கு எட்டு வாளி தண்ணீர் தயாராக இருக்கவேண்டும். ஊறவைத்த கடலையும் கேப்பைக் கூழும் இருக்கவேண்டும். நேற்றைய லங்கோடும் பனியனும் துவைத்துக் காய்ந்திருக்கவேண்டும். ஒரு வருஷத்தில் ஒரு நாள் தவறியதில்லை. அவருக்கு லீவு இல்லையென்றால் எனக்கும் லீவு இல்லை.

நகை கேட்கவில்லை, சேலை கேட்கவில்லை. வாரத்தில் ஒரே ஒரு நாள், முகத்தில் வெளிச்சம் பட்ட பிறகு எழவேண்டும். எனக்கிருந்த ஆசை அவ்வளவுதான். அதை வாய்விட்டுக் கேட்கவும் கூச்சம். தூங்குவதற்கு ஆசைப்படுகிற மருமகள் என்று பேர் வாங்க யாருக்குத்தான் துணிச்சல் வரும்?

மூன்றாம் வருஷம் அவருக்கு முழங்கால் வீங்கியது. எனக்கு வருத்தம்தான். ஆனால் ஆஸ்பத்திரியில் டாக்டர் சொன்னதைக் கேட்டதும் வருத்தம் போன இடம் தெரியவில்லை.

"வாரத்துல ஒரு நாளு ஒண்ணுமே செய்யக்கூடாது. நடக்குறது, குளிக்குறது, சாப்புடுறது, அம்புட்டுத்தான். இல்லேன்னா இந்தக் காலு ஒமக்கு ஒதவாது."

சனிக்கிழமை என்று முடிவாயிற்று. வெள்ளிக்கிழமை சாயங்காலமே நான் சந்தோஷமாகப் பாயைத் தட்டி விரித்தேன்.

விடியற்காலை "உஸ், உஸ்" என்று சத்தம் கேட்டு விழித்தேன். கதவுக்குப் பின்னால் ஆள் ஏறி இறங்குகிற நிழல்.

"என்னங்க சத்தம்?"

"பூனைய வெரட்டுறேன். நீ படு."

எங்கள் வளவில் பூனையே கிடையாது.

அடுத்த சனிக்கிழமை அம்மிக்கு அடியில் குப்பை இருக்கிறது என்று அம்மியைத் தூக்கினார். குப்பையைக் கூட்டியபின் அம்மியை வைக்கவேண்டியதுதானே? அதைத் தூக்கிப் பிடித்துக்கொண்டே, "இன்னும் கொஞ்சம் கெடக்கு பாரு, அந்த மூலையில" என்று நான் நாலு தடவை கூட்டும்வரை நின்றார். மூன்றாவது சனிக்கிழமை திடீரென்று பக்தி வந்துவிட்டது. திருச்சுழி கோயிலுக்குப் போய்ச் சாமி கும்பிட்டு வருகிறேன் என்று கிளம்பினார். சாமி கும்பிடுகிறவரைத் தடுக்க முடியுமா? பஸ்ஸில் போவார் என்று நினைத்தேன். சைக்கிளில் போய், பிரகாரத்தை எத்தனை சுற்றுச் சுற்றினாரோ, வெயிலில் சைக்கிளிலேயே திரும்பி வந்தார். நெற்றி நிறைய திருநீறு. முழங்கால் பனங்காய் மாதிரி இருந்தது.

அன்றைக்கு எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. அவருக்கு எதிலெல்லாம் பயம் என்று உட்கார்ந்து யோசித்தேன். கண்டுபிடித்தேன்.

எண்ணெய் வைத்த தலையோடு வேர்க்க விறுவிறுக்க வேலை செய்தால் ஜன்னி கண்டுவிடும் என்று அவருக்கு அசைக்க முடியாத நம்பிக்கை. எங்கள் பக்கத்து ஆம்பிளைகள் முக்கால்வாசிப்பேருக்கு அந்த நம்பிக்கை உண்டு. சனிக்கிழமை எண்ணெய் தேய்த்தால் வெயிலில் போகமாட்டார்கள், கனம் தூக்கமாட்டார்கள், பகலில் தூங்கவும் மாட்டார்கள். இவரோ பயிற்சி கெட்டுவிடும் என்று மாதக்கணக்கில் எண்ணெய்க் குளியலுக்கே டிமிக்கி கொடுத்துவந்தார். நான் வெள்ளிக்கிழமை எண்ணெய் வைப்பேன். வைத்த கையோடு தண்ணீர் இறைப்பேன், மாவாட்டுவேன், உலை வைப்பேன். எனக்கு ஒரு ஜன்னியும் வந்ததில்லை. அது ஆம்பிளைகளுக்கு மட்டும் ஏற்பட்ட வியாதி போலிருக்கிறது.

அடுத்த சனிக்கிழமை அவர் எழுந்து உட்கார்ந்து லங்கோட்டுக்குக் கை நீட்டுவதற்குள், சூடு காட்டிய நல்லெண்ணெயை ஒரு கை நிறைய எடுத்து உச்சந்தலையில் வைத்துத் தேய்த்துவிட்டேன்.

அவர் அப்படியே சிலையாகிவிட்டார். எண்ணெய் காதோரம் வழிந்து மீசைக்கு வந்தது.

"என்ன காரியம் செஞ்சுட்ட?"

"தெரியாம பட்டுருச்சுங்க."

எட்டு மணிக்கு நான் வெந்நீர் வைக்கும்வரை மணைப்பலகையில் உட்கார்ந்திருந்தார். எண்ணெய் பளபளக்க, அவ்வளவு பெரிய உடம்பை வைத்துக்கொண்டு, எங்கேயும் போகமுடியாமல். எதிர்வீட்டு அக்கா எட்டிப் பார்த்து, "என்னண்ணே, வீட்டுக்காரி கட்டிப் போட்டுட்டாளாக்கும்?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தாள். அவர் கால் விரலை மட்டும் மடக்கி மடக்கி நீட்டிக்கொண்டிருந்தார். அதையும் நான் பார்த்துவிட்டதும் நிறுத்தினார்.

ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். மறுவாரம் அவர் நாலு மணிக்கே எழுந்துவிட்டார். நான் எண்ணெய்க் கிண்ணத்தோடு வருவதற்குள் நூறு தண்டால் முடிந்துவிட்டது. அதற்கு அடுத்த வாரம் நான் மூன்றரைக்கு எழுந்தேன். அவர் அதையும் தெரிந்துகொண்டார். இப்படி ஒருவரை ஒருவர் முந்திக்கொண்டு போனதில், ஒரு சனிக்கிழமை மூன்று மணிக்கு அடுப்படியில் எண்ணெய் காய்ச்சிக்கொண்டிருக்கும்போதுதான் எனக்கு உறைத்தது. தூங்குவதற்காக ஆரம்பித்த காரியம் இது. மற்ற நாளில் நாலு மணிவரையாவது தூங்குகிறேன். சனிக்கிழமை அதுவும் போயிற்று.

எண்ணெய்க் கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டே அழ ஆரம்பித்துவிட்டேன். அவர் வந்து வாசலில் நின்றார்.

"எதுக்கு அழுகுற?"

"எனக்குத் தூக்கம் வருது."

மூன்று வருஷமாக மனதுக்குள் அடுக்கிவைத்திருந்த நியாயம் ஒன்றும் வாயில் வரவில்லை. அவர் உள்ளே வந்தார். பிறகு கிண்ணத்தை என் கையிலிருந்து வாங்கினார். தானே தலையில் எண்ணெயை வைத்துக்கொண்டார்.

"ஆச்சு. நான் எங்கயும் போக முடியாது. நீ போயிப் படு."

படுத்தேன். இத்தனை நாள் ஏங்கியது கிடைத்துவிட்டது. ஆனால் தூக்கம் வரவில்லை. புரண்டு புரண்டு படுத்தேன். நாலு மணிக்குக் கிணற்றில் கப்பி கிறீச்சிட்டது. எந்த வீட்டு வாளி என்று காது தானாகக் கணக்குப் போட்டது. இன்னும் பத்து நிமிஷம் போனால் கலங்கிவிடும், ஐந்து நிமிஷம் போனால் கலங்கிவிடும் என்று மனது அடித்துக்கொண்டது. பொறுக்கமுடியவில்லை. சத்தமில்லாமல் எழுந்து, வாளியை எடுத்துக்கொண்டு, பூனை மாதிரி அவரைத் தாண்டிப் போனேன்.

நாலாவது வாளியை இழுக்கும்போது பின்னால் குரல் கேட்டது.

"அங்க என்ன சத்தம்?"

"பூனைய..." என்று சொல்ல வாயெடுத்து நிறுத்திக்கொண்டேன். எண்ணெய்த் தலையோடு வந்து நின்றார். கிணற்றடியில் இருந்த பெண்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தார்கள்.

"டாக்டரு எனக்கு மட்டுமா சொன்னாரு? ஒன்னாலயும் ஒரு நா சும்மா இருக்க முடியலேல்ல?"

என் கையைப் பிடித்து வீட்டுக்குள் கூட்டிப் போனார். மணையில் உட்கார வைத்தார். கிண்ணத்தில் மிச்சமிருந்த எண்ணெயை எடுத்து என் தலையில் வைத்தார்.

"ஐயோ, இன்னைக்குப் பொம்பளைக தேய்க்கிற நாளு இல்லைங்க."

"வச்சாச்சு. இனி வேல பாத்தா ஜன்னி வரும்."

அவருக்குத் தேய்க்கத் தெரியவில்லை. கர்லாக்கட்டை பிடிக்கிற கை, மண்டையைத் திருகி எடுத்துவிடும்போல இருந்தது. வலிக்கிறது என்று கையைத் தூக்கினேன். அவர் அந்தக் கையைப் பிடித்து விரித்து, விளக்கு வெளிச்சத்தில் பார்த்தார். விரல் தொடங்குகிற இடத்தில் வரிசையாக நாலு காய்ப்பு. கிணற்றுக் கயிறு போட்டது. தன் கையைப் பக்கத்தில் வைத்தார். அவருக்கும் அதே இடத்தில் நாலு. கட்டை போட்டது.

"இது எத்தன வருசப் பழக்கம்?"

"ரெட்டியபட்டியில ஏழு வயசுலயே கயிறப் பிடிச்சது."

"நடுவுல விட்டது?"

"விட்டதில்ல."

ஏழு வயதில் ஆரம்பித்த என்னை யாரும் டேப் வைத்து அளந்து பார்த்ததில்லை என்று எனக்கே அப்போதுதான் தோன்றியது. கண் கலங்கியது. எண்ணெய் பட்டுவிட்டது என்றேன். அவரும் அப்படியே நம்பினதாகக் காட்டிக்கொண்டார்.

அன்றைக்குக் கலங்கல் தண்ணீரில்தான் இரண்டு பேரும் குளித்தோம். ஒரு குடியும் முழுகிப்போகவில்லை. சாயங்காலம் டேப்பை எடுத்து நெஞ்சில் சுற்றிப் பார்த்தார். அளவு குறையவில்லை என்று ஆச்சரியமாகச் சொன்னார்.

அடுத்த சனிக்கிழமை கப்பி கிறீச்சிட்டதும் நான் எழுந்து உட்கார்ந்தேன். பக்கத்தில் அவரும் எழுந்து உட்கார்ந்திருந்தார். ஒருவரை ஒருவர் பார்த்தோம். "படு" என்றார். "நீங்க மொதல்ல படுங்க" என்றேன். இரண்டு பேரும் படுத்தோம். இரண்டு பேருக்கும் தூக்கம் வரவில்லை. முகத்தில் வெளிச்சம் படும்வரை கண்ணை மூடிக்கொண்டு கிடந்தோம்.